தனித்திருப்பவரைத் தாங்குவது எது?



சென்ற மாதம் பைத்துல்மால் உதவி கேட்டு ஒரு சகோதரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகளுக்குக் காசநோய். மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆனால் இருமல் தொடங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது என்பது பேச்சில் தெரிந்தது. இத்தனை நாள் ஏன் மருத்துவரிடம் காட்டவில்லை என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கொரோனா நேரத்துல நம்ம தெருவுல ஒரு வீட்டுக்கு என்ன நடந்துச்சுன்னு பாத்தோம்ல பாய். அதான் பயந்துட்டோம்."

அவர் சொன்ன வீடு எது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு நடந்ததில் நம் அறக்கட்டளையின் தவறும் உண்டு. அதை இந்தக் கட்டுரையில் மறைக்காமல் எழுதுகிறேன். நோய் வந்தால் மறைக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் நினைக்கிறது என்றால், நாம் எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது. தொற்றுநோய்க்காக ஒரு வீட்டையோ தெருவையோ தனிமைப்படுத்தும்போது சிலர் அதை நல்லபடியாகக் கடந்து வருகிறார்கள்; சிலர் உடைந்து போகிறார்கள். இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதே பாடம்.

மார்க்கம் காட்டிய வழி

தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதல்ல. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போக வேண்டாம் என்றும், அது பரவிய ஊரில் இருப்பவர் அதற்குப் பயந்து வெளியேற வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்தக் கருத்து பதிவாகியிருக்கிறது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பயணம் புறப்பட்டார்கள். எல்லையில் ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்கள், அன்சாரிகள், குறைஷிப் பெரியவர்கள் என ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே அழைத்து ஆலோசனை கேட்டார்கள். கருத்துகள் மாறுபட்டன. கடைசியில் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். அதன் பிறகே அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அங்கு வந்து, மேலே சொன்ன நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

இந்த வரலாற்றை நாம் அடிக்கடி பயானில் கேட்கிறோம். அதன் பின்பகுதியை அவ்வளவாகக் கேட்பதில்லை. மதீனா திரும்பிய உமர் (ரலி), நோய் பரவிய இடத்தில் இருந்தவர்களை அத்தோடு விட்டுவிடவில்லை. அபூ உபைதா (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். தாழ்வான, ஈரமான நிலத்தில் தங்கியிருந்த மக்களை மேடான, நல்ல காற்றுள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லும்படி சொன்னார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களும் முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் அந்த நோயிலேயே வஃபாத்தானார்கள். பிறகு பொறுப்பேற்ற அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளில் பிரிந்து தங்கச் செய்தார்கள்.

இதில் நமக்குள்ள பாடம் தெளிவானது. உள்ளே இருப்பவருக்குக் கடமை பொறுமை. வெளியே இருப்பவருக்குக் கடமை அவரை மறக்காமல் இருப்பது. இரண்டில் ஒன்றை மட்டும் நாம் உபதேசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆய்வுகள் சொல்வது

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பாய்வை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சார்ஸ், எபோலா, பன்றிக்காய்ச்சல், மெர்ஸ் போன்ற நோய்களின்போது தனிமைப்படுத்தப்பட்ட மக்களைப் பற்றி 10 நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளை அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். மனத்தை அதிகம் வருத்துபவை என்று அவர்கள் கண்டவை இவை: நாள் நீண்டுகொண்டே போவது, தன்னால் குடும்பத்துக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம், சலிப்பு, போதிய பொருள் கிடைக்காமை, தெளிவான தகவல் இல்லாமை, வருமான இழப்பு, பிறர் ஒதுக்கிவைப்பது.

வயது, படிப்பு, ஆணா பெண்ணா என்பவை பற்றி அந்த ஆய்வுகள் ஒரே மாதிரியாகச் சொல்லவில்லை. ஏற்கனவே மனநோய் இருந்தவர்களுக்குக் கூடுதல் துணை தேவைப்பட்டது. மற்றபடி மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தகவல், பொருள், வருமானம், நாள் கணக்கு, அக்கம்பக்கத்தின் நடத்தை. இவற்றில் பெரும்பாலானவை உள்ளே இருப்பவரின் கையில் இல்லை. கதவுக்கு வெளியே இருக்கும் நம் கையில் இருக்கின்றன.

கனடாவின் டொராண்டோ நகரில் 2003ஆம் ஆண்டு சார்ஸ் பரவியபோது தனிமைப்படுத்தப்பட்டவர்களில் 129 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சுமார் 29 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பின் அறிகுறிகள் இருந்தன. சுமார் 31 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. 10 நாளுக்கு மேல் தனித்திருந்தவர்களிடமும் வருமானம் குறைந்த குடும்பங்களிலும் பாதிப்பு கூடுதலாக இருந்தது. வசதியான நாட்டிலேயே இப்படி என்றால், கல்மண்டபத்திலும் எர்ணாவூரிலும் ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக நம் பகுதியின் அனுபவத்தோடு பார்ப்போம்.

1. காரணம் தெரிய வேண்டும்

ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள், யாரைக் கேட்பது என்பது தெரியாதபோது மனம் கெட்டதையே நினைக்கும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலமாக இராயபுரம் இருந்தது. தெருமுனையில் தடுப்பு போட்டார்கள்; வீட்டுக் கதவில் ஒட்டுவில்லை ஒட்டினார்கள். அதைவிட வேகமாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பரிசோதனைக்குப் போனால் திரும்ப வரமாட்டார்கள் என்று ஒரு குரல் பதிவு சுற்றியதை நம்மில் பலர் கேட்டிருப்போம்.

இந்த நேரத்தில் அரசு சொல்வது சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொல்பவர் மக்களின் நம்பிக்கைக்கு உரியவராகவும் இருக்க வேண்டும். 1897 வாக்கில் பம்பாயில் பிளேக் பரவி, தடுப்பூசி பற்றி மக்கள் அஞ்சியபோது, இஸ்மாயிலிகளின் தலைவரான மூன்றாம் ஆகா கான் தம் மக்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அப்போது அவர் இருபது வயது இளைஞர். ஆயிரம் சுவரொட்டி செய்யாததை அது செய்தது. நம் மஹல்லாவில் இமாம்களுக்கும் உஸ்தாத்களுக்கும் அந்த இடம் உண்டு. அவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு மக்களிடம் பேச வேண்டும்.

2. நாள் கணக்கு மாறக்கூடாது

14 நாள் என்றால் மனிதன் எண்ணிக்கொண்டே இருந்துவிடுவான். 13ஆம் நாளில் வந்து இன்னும் 14 நாள் என்றால் அங்கேதான் உடைகிறான். 2020 மார்ச் மாதம் டெல்லி நிஜாமுத்தீனுக்குச் சென்று அங்கே தனிமை முகாம்களில் வைக்கப்பட்டவர்களில் பலர், நாள் முடிந்தும் வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அவர்களை விடுவிக்கும் உத்தரவு மே மாதத் தொடக்கத்தில்தான் வந்தது. அவர்களில் தமிழ்நாட்டினரும் பலர் இருந்தார்கள். அது ரமலான் மாதம். ஸஹருக்கு என்ன கிடைக்கும், பெருநாளுக்கு வீடு திரும்புவோமா என்று தெரியாமல் கழிந்த அந்த நாட்கள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் முன்னோர் ஹஜ் பயணத்தில் பட்ட பாடும் நினைவுக்கு வருகிறது. 1882ஆம் ஆண்டு உஸ்மானிய அரசு செங்கடலில் கமரான் தீவில் தனிமை முகாம் ஒன்றைத் திறந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் போன ஹாஜிகள் அங்கே இறங்கித் தங்கி, கட்டணமும் கட்டி, அதன் பிறகே ஜித்தாவுக்குப் போக முடிந்தது. வெயிலும் சிரமமும் குறையவில்லை. ஆனாலும் நாள் முடிந்தால் கஅபாவைப் பார்க்கலாம் என்ற நிச்சயம் அவர்களிடம் இருந்தது. எதற்காக இருக்கிறோம், எப்போது முடியும் என்ற இரண்டும் தெரிந்தால் சிரமம் தாங்கக்கூடியதாகிறது.

3. என்ன தேவை என்று கேட்க வேண்டும்

2020 ஏப்ரலில் தமிழக அரசு ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. அந்த ரமலானில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச முடியாததால், 2,895 பள்ளிவாசல்களுக்கு அரசு ஒதுக்கிய 5,450 டன் அரிசி, அரிசியாகவே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் அறக்கட்டளையும் தன் பங்குக்கு மளிகைப் பைகளைக் கொடுத்தது.

அப்படி ஒரு பையை நான் எடுத்துக்கொண்டு போனேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண்மணி கதவைத் திறக்காமலே சொன்னார்: "அரிசி இருக்கு பாய். போன வாரமே ரெண்டு பை வந்துச்சு. கேஸ் தீர்ந்து மூணு நாளாச்சு. சிலிண்டர் கொண்டாறவர் தெருவுக்குள்ள வரமாட்டேங்கிறார். அம்மாவுக்கு சுகர் மாத்திரையும் இல்ல."

மூன்று பை அரிசி இருந்தும் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. கொடுப்பதை எண்ணினோமே தவிர, வேண்டியதைக் கேட்கவில்லை. தர்மம் செய்பவர்களுக்கு எளிதில் வரும் தவறு இது. அன்றைக்கே இரண்டு இளைஞர்கள் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து தெருமுனை வரை கொண்டுபோனார்கள். மாநகராட்சித் தன்னார்வலர் அதை வீட்டு வாசலில் சேர்த்தார். மாத்திரையும் வந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் பை கொடுப்பதற்கு முன் போன் செய்து கேட்கும் பழக்கத்தைத் தொடங்கினோம்.

4. வருமானம் நின்றால் வீட்டில் உட்கார முடியாது

துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர், கண்டெய்னர் லாரியில் கிளீனராகப் போகிறவர், பர்மா பஜாரில் கடைப்பையனாக இருப்பவர் எல்லோருக்கும் இன்றைய கூலிதான் இன்றைய சோறு. இவர்களிடம் வீட்டில் இரு என்பது எளிது. வாடகையும் வட்டியும் வீட்டில் இருப்பதில்லை, வாசலுக்கு வந்துவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் இதற்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. 2014 ஆகஸ்டில் எபோலா பரவியபோது, தலைநகர் மன்ரோவியாவில் கடலோரக் குடிசைப் பகுதியான வெஸ்ட் பாயிண்டை அரசு ஒரே இரவில் அடைத்தது. நம் காசிமேடு போல நெருக்கமான இடம் அது. சாப்பாட்டுப் பொருள் விலை ஏறியது; வேலைக்குப் போக வழி இல்லை. மக்கள் தடுப்பை மீறினார்கள், படையினர் சுட்டார்கள், ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அரசு தடுப்பை எடுக்க வேண்டியதாயிற்று. நோய்க்குப் பயப்படாதவர்கள் அல்ல அந்த மக்கள். பசிக்கு இன்னும் அதிகம் பயந்தார்கள்.

ஆகவே தனித்திருக்கும் குடும்பத்துக்கு மளிகையோடு சேர்த்து அந்த மாத வாடகையையும் யோசிக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்களாக இருக்கும் சகோதரர்கள் ஒரு மாத வாடகையைத் தள்ளி வாங்கினாலே, அது பெரிய ஸதகா.

5. இடம் இல்லாத வீடு

தனி அறையில் இருங்கள், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள் என்பது மருத்துவர் சொல்லும் அறிவுரை. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் பல குடியிருப்புகளில் எட்டு வீட்டுக்கு ஒரு கழிப்பறை. குடத்தில் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போகவே வேண்டும். அங்கே அறிவுரையை அப்படியே பின்பற்ற முடியாமல் போகும்போது, தன் பிள்ளைக்குத் தன்னால் தொற்றிவிடும் என்ற பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

முடிந்ததைச் செய்யலாம். ஜன்னல் ஓரத்தை நோயாளிக்கு விட்டு, நடுவில் ஒரு திரை போடலாம். கழிப்பறைக்கு நேரம் பிரித்துக்கொள்ளலாம். 2020இல் சில தெருக்களில் தண்ணீர் லாரி வந்தபோது, பக்கத்து வீட்டு மீனவப் பெண்கள் அடைபட்ட வீட்டின் குடங்களையும் சேர்த்துப் பிடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வேறு சமயத்தவர். அண்டை வீட்டார் உரிமை என்பதை நாம் கிதாபில் படித்தோம். அவர்கள் செய்து காட்டினார்கள்.

6. பொழுதும் பேச்சும்

வேலை இல்லாத நாள் நீண்டது. அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். ஐந்து வேளைத் தொழுகை இந்த ஒழுங்கை நமக்கு ஏற்கனவே தந்திருக்கிறது. ஃபஜ்ருக்கு எழுவது, குளிப்பது, உடை மாற்றுவது, குர்ஆன் ஓதுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, இஷாவுக்குப் பின் படுப்பது. இப்படி நாளைப் பிரித்துக்கொண்டவர்களுக்கு மனம் அலைவது குறைந்தது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். செய்தி சேனலை நாள் முழுக்க ஓடவிட்டவர்கள் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்.

வீட்டுப் பெண்களுக்கு இதில் இரட்டைச் சுமை என்பதையும் ஆண்கள் உணர வேண்டும். எல்லோரும் வீட்டில் இருந்தால் சமையலும் துவையலும் கூடுகிறது. இருக்கும் ஒரே போனில் பிள்ளையின் வகுப்பும் நடக்க வேண்டும்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. நேரில் போக முடியாதபோது போனில் போகலாம். தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் ஒருவர் பேசுவதற்கு உள்ள பலன், ஒரே நாளில் ஐம்பது பேர் அனுப்பும் துஆ படங்களுக்கு இல்லை.

கொள்ளைநோய் ஊரில் பொறுமையோடும் நற்கூலியை நாடியும் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி போன்ற கூலி உண்டு என்ற கருத்து ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸில் இருக்கிறது. நான் அடைபட்டிருக்கிறேன் என்பதற்கும் பிறரைக் காக்க நான் இருக்கிறேன் என்பதற்கும் மனத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கட்டாயத்தால் இருப்பவரைவிடப் பிறர் நலனுக்காக இருக்கிறோம் என்று எண்ணுபவருக்கு அது இலகுவாகிறது என்பதை லான்செட் தொகுப்பாய்வும் சொல்கிறது.

7. பழிச்சொல்

எல்லாவற்றிலும் கடுமையானது இது. 14 நாள் முடிந்தபின்னும் இது முடிவதில்லை.

பழிச்சொல்லின் வலியை நம் சமுதாயம் நன்றாக அறியும். 2020 மார்ச் இறுதியில் நிஜாமுத்தீன் செய்தி வந்தபின், தாடியும் தொப்பியும் இருந்தாலே தள்ளி நின்றார்கள். காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள். அரசு கேட்டுக்கொண்டதும் டெல்லி சென்று வந்த நூற்றுக்கணக்கானவர்கள் தாமாகவே முன்வந்து பரிசோதனைக்குப் போனார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்ட் 21 அன்று ரத்து செய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத்துத் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் நோயாளிகளின் வீட்டில் அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவும் அனுபவித்த நாமே இன்னொரு வீட்டுக்கு அதைச் செய்தோம்.

நாங்கள் செய்த தவறு

2020 மே மாதத்தில், தனிமையில் இருக்கும் வீடுகளின் பட்டியலை நம் அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டோம். தெருப்பெயர், வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர் எல்லாம் அதில் இருந்தன. உதவி செய்பவர்கள் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஒரு மணி நேரத்தில் அது குழுவைத் தாண்டிப் போய்விட்டது.

அதில் ஒரு வீட்டில் உண்மையில் யாருக்கும் நோய் இல்லை. நோயாளியோடு வேலை செய்தவர் என்பதால் தனித்திருந்தார்கள். 14 நாள் முடிந்து பரிசோதனையிலும் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் அந்த வீட்டு மகனைக் கடையில் திரும்பச் சேர்க்கவில்லை. குழாயடியில் அந்த வீட்டுப் பெண்ணின் குடத்தைக் காலால் தள்ளிவைத்தார்கள். சில மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு பகுதிக்குப் போய்விட்டார்கள். பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். அவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனதோடு மன்னித்தார்கள். ஆனாலும் தெரு அதை மறக்கவில்லை என்பது சென்ற மாதம் அந்தச் சகோதரர் சொன்னபோதுதான் தெரிந்தது. எங்கள் பட்டியல் ஒரு குடும்பத்தை வெளியேற்றியது. பல ஆண்டு கழித்து ஒரு பெண்பிள்ளையின் காசநோய் மருந்தை மூன்று மாதம் தள்ளிப்போடவும் காரணமாக இருந்திருக்கிறது.

திரும்பி வரும் நாள்

தபூக் பயணத்துக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். அது நோய்க்கான தனிமை அல்ல, ஒரு கண்டிப்பு. ஆனால் ஐம்பது நாள் ஊரே பேசாத ஒரு மனிதரின் உள்ளம் எப்படி இருக்கும் என்பதை அவரே விரிவாகச் சொல்லியிருப்பதால், நாம் அதிலிருந்து கற்கலாம்.

அவரோடு அதே நிலையில் இருந்த மற்ற இருவரும் வீட்டுக்குள் அடைந்து அழுதுகொண்டிருந்தார்கள். கஅப் (ரலி) தொழுகைக்கும் கடைவீதிக்கும் போய்வந்தார். தம் நெருங்கிய உறவினரான அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரேறி ஸலாம் சொன்னார், பதில் வரவில்லை. அந்த மூவரில் முதியவரான ஹிலால் பின் உமைய்யா (ரலி) அவர்களுக்குப் பணிவிடை செய்ய அவருடைய மனைவி அனுமதி கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை அனுமதித்தார்கள். அவ்வளவு கண்டிப்பான நேரத்திலும் ஒரு முதியவரின் தேவை கவனிக்கப்பட்டது.

ஐம்பதாம் நாள் மன்னிப்பு வந்தது. கஅப் (ரலி) பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, தல்ஹா (ரலி) எழுந்து விரைந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறு யாரும் அப்படி எழுந்து வரவில்லை. அதைத் தாம் மறக்கவே இல்லை என்று கஅப் (ரலி) பிற்காலத்தில் சொன்னார்கள்.

நம் தெருவில் ஒரு வீட்டின் தடுப்பு எடுக்கப்படும் நாளில் முதலில் எழுந்து போகிறவர் யார்? நோய் முடிந்தவர் ஜும்ஆவுக்கு வரும்போது பக்கத்தில் போய் நிற்பவர் யார்? அந்த வீட்டில் தேநீர் வாங்கிக் குடிப்பவர் யார்? அதைப் பார்த்துத்தான் அடுத்த வீடு தன் நோயைச் சொல்வதா மறைப்பதா என்று முடிவு செய்கிறது.

நம் அறக்கட்டளை எடுத்த முடிவுகள்

இந்த மாத நிர்வாகக் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை முடிவு செய்திருக்கிறோம்:

1. நோயாளிகள், உதவி பெறுவோர் எவருடைய பெயரும் முகவரியும் எந்தக் குழுவிலும் பதிவிடப்படாது. பொறுப்பாளர் இருவரிடம் மட்டுமே இருக்கும். உதவி கொடுக்கும்போது படம் எடுக்கப்படாது.

2. தனித்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே தொடர்பாளர். பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குப் பெண் தொடர்பாளர். தினமும் ஒரு முறை பேசி, கேஸ், மருந்து, பால், குடிநீர், போன் ரீசார்ஜ், வாடகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

3. வீட்டில் இடம் இல்லாதவர்களுக்காக, மருத்துவரின் ஆலோசனையோடு மதரஸா மேல்மாடியில் உள்ள இரண்டு அறைகள் ஒதுக்கப்படும். சமயம் பார்க்கப்படாது.

4. தனிமை முடிந்து வரும் ஒவ்வொருவரையும் நிர்வாகிகளில் ஒருவர் அவருடைய வீட்டுக்கே போய்ச் சந்திப்பார். வேலை போயிருந்தால், முதலாளியிடம் பேசுவார்.

காசநோய் பற்றி ஒரு வார்த்தை

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இந்த நோய் காற்றின் வழியே பரவுவது. தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவுவதில்லை. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். மருத்துவர் சொல்லும் வரை மருந்தை நிறுத்தக்கூடாது. ஆகவே வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்து மூலையில் உட்காரவைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அவள் மனம் உடைவதுதான் மிச்சம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள்; மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

தனிமையாலோ நோயாலோ தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது ஈமான் குறைவு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். உடலுக்கு மருத்துவரைப் பார்ப்பது போல மனத்துக்கும் பார்க்க வேண்டும். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்.

உமர் (ரலி) திரும்பிச் சென்றபின், நோய் பரவிய இடத்தில் இருந்தவர்களுக்காக என்ன செய்தார்கள்?

நம் வீட்டை நாளை அடைத்தால், முதல் மூன்று நாளில் எது தீர்ந்துபோகும்? யாரிடம் கேட்போம்?

நம் பக்கத்து வீட்டை அடைத்தால், அவர்களுக்கு என்ன தேவை என்று நமக்குத் தெரியுமா?

நோய் முடிந்து திரும்பும் நண்பனைப் பள்ளிக்கூடத்தில் எப்படி வரவேற்பாய்?

அந்தச் சகோதரரின் மகள் இப்போது தேறி வருகிறாள், அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய தகப்பனாரின் அனுமதியோடுதான் இதை எழுதினேன். பெயரும் தெருவும் சொல்லவில்லை. யார் என்று தேட வேண்டாம். தேடாமல் இருப்பதே இந்தப் பாடத்தின் முதல் வீட்டுவேலை.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழு ஷிஃபாவைத் தருவானாக. தனித்திருப்பவர்களுக்குப் பொறுமையையும், வெளியே இருக்கும் நமக்கு அவர்களை மறவாத உள்ளத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்